காலி வாளி

திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"டேய், உன் மருமகன் நடிகனாகப் போறானாம்டா!"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பையனுக்கு 23 வயது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மூன்று மாத நடிப்புப் பயிற்சியாம். கட்டணம் ஒன்றரை லட்சம், போட்டோ ஆல்பத்துக்குத் தனி. முடித்தால் 'நிச்சய சினிமா வாய்ப்பு'. வேலையை விட்டுவிட்டுச் சேரப் போகிறான். அவன் கண் வைத்திருப்பது, அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்திருக்கும் பணத்தின் மேல்.

"நீ பத்திரிகைல இருக்க. நாலு சினிமாக்காரங்களைத் தெரியும். இந்த கிளாஸெல்லாம் வேஸ்ட்டுன்னு நீதான்டா அவனுக்கு எடுத்துச் சொல்லணும்."

சொல்லியிருப்பேன். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

2003. பி.காம். படித்துவிட்டு, கணக்கு எழுதாமல் செய்தி எழுத வந்திருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்றாவது மாடி. அறைக்கு மூன்று பேர். அதில் ஒருவன் அருப்புக்கோட்டைப் பக்கம். சினிமாவுக்கு வந்தவன். வந்த முதல் மாதமே கோடம்பாக்கம் பக்கத்தில் ஒரு நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் 15 ஆயிரம் ரூபாய் கட்டினான். அம்மாவின் தோடு. முதல் வாரம் சண்டை, இரண்டாவது வாரம் டான்ஸ், மூன்றாவது வாரம் அழுகை. நாலாவது வாரம் கையில் ஒரு சான்றிதழும், கூலிங் கிளாஸ் போட்ட 12 போட்டோக்களும் கொடுத்தார்கள். "வாய்ப்பு எப்ப சார்?" என்று அடுத்த மாதம் கேட்கப் போனபோது, அந்த மாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது.

ஊருக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. யாரோ சொல்லி ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தான். அங்கே கட்டணம் கிடையாது. வேஷமும் கிடையாது. ஆறு மாதம் மேடை ஏற்றவே இல்லை. தரையைப் பெருக்கணும், மூச்சுப் பயிற்சி செய்யணும், மற்றவர்கள் நடிப்பதை உட்கார்ந்து பார்க்கணும். நான் பி.காம். போட்ட முதலுக்கு என்ன வரவு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

"ஏன்டா, இதுக்குப் பேசாம பாங்க் பரீட்சை எழுதலாம்ல?"

"முன்னாடி போன இடத்துல சான்ஸ் தர்றேன்னாங்க. இங்க வேலை தர்றாங்க" என்றான்.

அந்த வருஷம் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வந்தால்தான் குளியல். ஒரு ராத்திரி பதினோரு மணி. பக்கத்து அறை மருந்துக் கம்பெனி ரெப் வாசலுக்கு வந்தவர், மாடிப்படியில் நம்மாள் வாளியோடு ஏறி வருவதைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு. எதிர்ப்பக்கம் நீட்டிய கை. ஒவ்வொரு படியாக அளந்து வைக்கிற கால். திருப்பத்தில் வாளியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொள்கிறான்.

"தண்ணி வருதுடோய்!"

மொத்த மேன்ஷனும் பக்கெட்டோடு கீழே ஓடியது. நானும் ஓடினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. திரும்பி மூச்சு வாங்க மேலே வந்து அவன் வாளியை எட்டிப் பார்த்தால், ஒரு சொட்டு இல்லை. காலி வாளி. பயிற்சியாம். நாலு மாதமாக, எல்லாரும் தூங்கிய பிறகு, இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அடி விழாதது அவன் அதிர்ஷ்டம். கோபம் தணிந்த பிறகு ரெப்தான் கேட்டார், "எப்படிப்பா?"

"கனமா காட்டணும்னு நெனைச்சப்பல்லாம் பொய்யா இருந்துச்சுண்ணே. இன்னிக்கு, தண்ணி சிந்திடக் கூடாதுன்னு மட்டும் நெனைச்சேன். உடம்பு தானா சாஞ்சிருச்சு."

நடிப்பைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேட்டி எடுத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் நடிப்புப் பயிற்சி புதுசே இல்லை. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகள் என்ன? பள்ளிக்கூடம், ஹாஸ்டல், மேடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம். சிறுவனாக அங்கே போன கணேசன் பெண் வேஷம் கட்டினார், என்னென்னவோ வேஷம் கட்டினார். 1952-ல் 'பராசக்தி' வந்தபோது அவருக்கு வயது 24 தான். ஆனால் மேடை அனுபவத்தில் அவர் அப்போதே சீனியர். எம்.ஜி.ஆரும் கம்பெனிப் பையன்தான். 1936-ல் 'சதிலீலாவதி'யில் தலைகாட்டியவர், கதாநாயகனாக 'ராஜகுமாரி'க்கு, 1947 வரை, 11 வருஷம் காத்திருந்தார்.

ரஜினி? பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்துகொண்டே புராண நாடகங்களில் நடித்தவர். சென்னைக்கு வந்து ஃபிலிம் சேம்பர் நடத்திய பள்ளியில் நடிப்புப் படித்தார். பாலசந்தர் கண்ணில் பட்டார். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்'.

நமக்குத் தெரிந்த காலத்தில், ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை. பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உடம்பைப் பழக்கியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். அவரும் பி.காம். (நானும் பி.காம். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.) கணக்கு எழுதியபடியே நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன வேஷங்களுக்குப் பிறகு, 2010-ல் 'தென்மேற்குப் பருவக்காற்று'.

"அப்ப, கிளாஸுக்குப் போனா ஹீரோ ஆகிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். மெக்கானிக் வேலை, ஜவுளி வியாபாரம் என்று சுற்றிவிட்டு வந்த அஜித்துக்கு எந்தப் பட்டறையும் பின்னால் இல்லை. பட்டறையில் பல வருஷம் இருந்தும் பெயர் வெளியே தெரியாதவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்றும் உண்டு. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர், மூன்றடி தூரத்தில் இருக்கும் கேமரா முன்னால் அதே மாதிரி பேசினால், 'என்ன சார் ஒரே டிராமாவா இருக்கு' என்பார்கள். கற்றதில் பாதியை மறக்கவும் ஒரு பயிற்சி வேணும்.

சரி, அருப்புக்கோட்டை நண்பன் ஸ்டார் ஆனானா?

ஆகவில்லை. இருபது வருஷத்தில் ஒரு டஜன் படங்கள். போலீஸ்காரர், டீக்கடைக்காரர், பிணத்துக்குப் பக்கத்தில் அழுகிறவர். அதிகபட்சம் நாலு நிமிஷம். டப்பிங் பேசுகிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறான். அம்மாவுக்குத் தோடு வாங்கிப் போட 11 வருஷம் ஆனது. "சந்தோஷமா இருக்கியா?" என்று ஒருமுறை கேட்டேன். "நடிக்கிற அன்னிக்கு இருக்கேன்" என்றான். மற்ற நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மருமகனை பைக்கில் உட்கார வைத்து, அவன் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு வாளியை எடுத்து வந்தான்.

"தம்பி, இது நெறைய தண்ணி இருக்கு. அந்தச் சுவர் வரைக்கும் கொண்டு போங்க."

பையன் பல்லைக் கடித்தான். நரம்பு புடைத்தது. முக்கினான், முனகினான். எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க வாளியைப் பார்க்கலை தம்பி. எங்களைப் பார்த்துட்டிருக்கீங்க. மறுபடி போங்க."

பன்னிரண்டு தடவை. பாராட்டு ஒன்றுகூட இல்லை. கடைசித் தடவை, பாதி தூரத்தில், ஒரு நாலடி மட்டும் வாளி நிஜமாகவே நிரம்பியிருந்தது. நான் பார்த்தேன். நண்பனும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் டீ சொல்லப் போய்விட்டான்.

திரும்பும்போது கிண்டி சிக்னல் வரை பையன் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"இவன் உனக்கு எந்த டைரக்டரையும் அறிமுகப்படுத்த மாட்டான். அவனுக்கே அறிமுகம் இல்லை. அது தெரிஞ்சும் இங்க வரணும்னு தோணுதா?"

கேட்கலாமே தவிர, அவனுக்காக அந்தப் பதிலை நான் சொல்ல முடியாது. தோன்றினால் அவனுக்கு நடிக்க ஆசை. தோன்றாவிட்டால் நடிகனாகத் தெரிய ஆசை. இரண்டாவது ஆசை தப்பில்லை. ஆனால் அதற்கு அம்மாவின் சீட்டுப் பணத்தைக் கட்டக் கூடாது. வாய்ப்பு தருவதாகச் சொல்லும் வகுப்பில் கட்டுவது லாட்டரிச் சீட்டு வாங்குகிற மாதிரி. 'நீ செய்வது பொய், மறுபடி செய்' என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும் இடத்தில், கட்டணம் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, அது மூலதனம். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எனக்கு பி.காம். மூன்று வருஷம் சொல்லித் தரவில்லை. ஒரு காலி வாளி சொல்லித் தந்தது.

சிக்னல் பச்சையாகி, பின்னால் நாலு ஹாரன் அடித்த பிறகு பையன் சொன்னான்: "மாமா, சனி ஞாயிறுல மட்டும் வந்தா சேர்த்துப்பாரா?"

அக்காவுக்குப் போன் போட்டேன். வேலையை இப்போதைக்கு விடப்போவதில்லை, பணமும் வேண்டாம் என்றதும் மூச்சு விட்டாள். அப்புறம் விவரம் கேட்டாள்.

"அங்க சம்பளம் தருவாங்களா?"

"மாட்டாங்க."

"படத்துல சேர்த்து விடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அங்க போய் என்னதான்டா பண்ணுவான்?"

"வாளி தூக்குவான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "அதை நம்ம வீட்டுலயே தூக்கலாமே?"