கடல்கட்டி

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கத்தை உலாவிடத்தில் பார்க்கப் போகிறவர்கள் கம்பிவலை போட்ட வண்டியில் ஏறுகிறார்கள். சிங்கம் வெளியே மர நிழலில் படுத்திருக்கும், அடைபட்டிருப்பது மனிதர்கள். இதே ஏற்பாட்டைக் கடலுக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ரோட்னி ஃபாக்ஸ். 1963 டிசம்பரில், ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் இருந்தவரை வெள்ளைச் சுறா கவ்வியது. 462 தையல்களோடு பிழைத்தார். பிறகு ஒரு மிருகக்காட்சிசாலையில் கூண்டுச் சிங்கங்களைப் பார்த்தபோது, கூண்டுக்குள் மனிதனை வைத்துக் கடலில் இறக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய சுறாக் கூண்டு அப்படிப் பிறந்தது.

இப்போது கூண்டும் இல்லாமல் இறங்குகிறார்கள். முதுகுப்பையோடு மாலத்தீவு போகிற பிள்ளைகள், ஃபுவாமுலா தீவின் கடலடியில் புலிச்சுறாக்கள் சுற்றிவர அசையாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். முதுகில் காற்று உருளை, மணிக்கட்டில் ஆழம் காட்டும் கருவி, பக்கத்தில் வழிகாட்டி. ஊர் திரும்பிக் கைப்பேசியில் படத்தைக் காட்டும்போது அம்மா கேட்பது ஒன்றுதான்: “அது கடிக்காதாடா?”

தமிழ்க் கடற்கரையில் இது பழைய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு தொழிலே இருந்தது. அதைச் செய்தவருக்குக் கடல்கட்டி என்று பெயர்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் சலாபம் கூடினால் வெறும் மணலில் ஓர் ஊரே முளைக்கும். குளியாளியிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூக்கைப் பொத்தி, மூச்சடக்கி இறங்குவார். ஒரு நிமிடம் போல அடியில் துழாவிவிட்டுக் கயிற்றைச் சுண்டினால், படகில் இருப்பவர் இழுப்பார். சுறா பற்றிய கவலை மட்டும் கடல்கட்டியுடையது. அவர் மந்திரம் சொன்னால் சுறாவின் வாய் கட்டிப்போகும் என்று நம்பினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இந்த மந்திரக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, இவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான். யாரும் திருட்டுத்தனமாக முத்தெடுக்க இறங்கிவிடக் கூடாதென்று இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். பகலில் கட்டுண்ட சுறாவே இரவில் காவல்.

ஐந்தரை நூற்றாண்டு கழித்து, 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் முத்துக்குளிக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். 1859இல் வெளிவந்த அவருடைய ‘சிலோன்’ நூலில் அந்த நாள் பதிவாகியிருக்கிறது. கடல்கட்டித் தொழில் ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. அப்போது குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் மதிப்பு குறைந்ததாக ஒருவரும் நினைக்கவில்லை. அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிக்காமல் சொன்னார்: அந்த ரகசியம் தனக்குத் தெரியாது; ஆனால் பெரியவர் அனுப்பிய ஆள் என்பது சுறாக்களுக்குத் தெரியும், அவை மரியாதை கொடுக்கும்.

கடல்கட்டியின் சொல்லை நம்பித்தான் படகுகள் போயின. சுறாவால் ஆபத்து நேர்வதும் அரிதாகவே இருந்தது. படகுக் கூட்டமும் இரைச்சலும் சுறாவை விரட்டியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. பதறினால் நாடி வேகமெடுக்கும், மூச்சு சீக்கிரம் தீரும். காற்று உருளையோடு இறங்குகிறவர்களுக்கும் முதல் பாடம் நிதானம். ஒற்றை மூச்சை வைத்துப் பிழைத்த குளியாளிக்கு, கரையில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற தெம்பு அந்த நிதானத்தைக் கொடுத்தது.

பயம் இருந்தும் பகை வளரவில்லை. புகாரின் பரதவர் கடலுக்குப் போகாத முழுநிலவு நாளில் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மீனின் கொம்பு என்றதும் நினைவுக்கு வருவது வேளாமீனின் வாள்தான். இரு பக்கமும் பல் வைத்த அந்த வாள் வலையில் சிக்கினால் எடுக்க வராது. வலை பெருகப் பெருக வேளாமீன் அருகிப்போனது. 2001 முதல் அது புலிக்கும் யானைக்கும் சமமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாலத்தீவு 2010இல் சுறா பிடிப்பதையே தடை செய்தது. நம் பிள்ளைகள் அங்கே சுறாவைப் பார்க்க முடிவதில் அந்தத் தடைக்கும் பங்குண்டு.

அடுத்த முறை முதுகுப்பையைத் தூக்கும்போது விமான நிலையத்துக்குப் போகும் முன் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்த் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறுங்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சலாபத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். அதில் குளித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள்.