மாமனாரின் நிலவறை

நவம்பர் 8, சனி. டிஜோன்

மாமனாருக்கு மருத்துவர் நாளைக்கு ஒரு கோப்பை ஒயின் என்று அளவு போட்டுவிட்டார். "அந்தக் கணக்கில் குடித்தால் நூற்றைம்பது வயது வரை இருந்தாக வேண்டும், வந்து உதவி செய்" என்று தொலைபேசியில் அழைத்தார். இப்படிப்பட்ட உதவிக்கு நான் எப்போதும் தயார்.

நிலவறை சமையலறைக்கு நேர் கீழே. சுண்ணாம்புக்கல் சுவர், மண் தரை. கோடையானாலும் பனிக்காலமானாலும் 12, 13 டிகிரிதான். ஈரம் அதிகம், லேபிள்களைப் பூஞ்சை தின்றிருக்கிறது. விற்கப் போனால் மதிப்புக் குறையும். குடிக்கிறவனுக்கோ நல்ல சகுனம், ஈரம் இருந்தால் தக்கை காயாது.

நான் வருடத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்க, அவர் புட்டியின் கழுத்தில் டார்ச் அடித்து ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தார். போர்தோ புட்டிக்குத் தோள் உண்டு. முப்பது, நாற்பது வருடத்தில் மட்டம் தோளின் மேல்பகுதிக்கு இறங்கியிருந்தால் மன்னிக்கலாம். நடுத்தோளுக்கும் கீழே போயிருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்கிறது. பர்கண்டி புட்டிக்குத் தோள் கிடையாது, வெறும் சரிவு. அங்கே தக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று விரல் வைத்து அளக்கிறார். பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடிய வருடங்கள் இரண்டு இந்தப் பரிசோதனையில் தோற்று அடுக்குக்கே திரும்பின. தேறியவற்றை, வண்டல் அடியில் இறங்கட்டும் என்று நிமிர்த்தி வைத்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

முதலில் 1990 பர்கண்டி. வருடம் அருமை, மட்டமும் அருமை. தக்கை வெளியே வந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை! தக்கையைக் கெடுக்கும் ட்ரைகுளோரோஅனிசோல்: லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். நல்ல வெயில், நல்ல திராட்சை, இத்தனை வருடப் பொறுமை, எல்லாம் ஒரு துண்டு மரப்பட்டையால் பாழ். மாமனார் பேசாமல் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

அடுத்து 1986 க்ருவோ-லரோஸ், போர்தோவின் மேதோக் வட்டாரத்தில் சேன்-ஜூலியன் ஊர் ஒயின். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட தரவரிசையில் இரண்டாம் படி. அந்த வரிசை இன்றும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் முதல் படிக்கு ஏறியதுதான் பேசும்படியான மாற்றம். 1986இல் மேதோக் வட்டாரத்து ஒயின்கள் துவர்ப்புக்குப் பேர் போனவை. மாமனாரின் கணக்கு நோட்டில், பிராங்கில் எழுதிய விலைக்குப் பக்கத்தில், 1998இல் ஒரு புட்டி திறந்தபோது எழுதிய குறிப்பு: "முரடு. தொடாதே."

பழைய தக்கையில் திருகாணி இறங்கினால் நொறுங்கிவிடும். மெல்லிய இரண்டு தகடுள்ள பிடுங்கியைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, ஆட்டி ஆட்டி எடுத்தார். அந்தக் காலத்து மூடியுறை ஈயம் என்பதால் புட்டி வாயை ஈரத்துணியால் துடைத்தார். மெழுகுவர்த்திக்கு மேலே கழுத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்தினார். துவர்ப்பு தரும் டானினும் நிறமிகளும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, படிந்ததுதான் அந்த வண்டல். இளமையின் முரட்டுத்தனத்தில் ஒரு பங்கு அடியிலேயே தங்கிவிட்டது.

ஓரத்தில் செங்கல் நிறம். தேவதாரு, சுருட்டுப் பெட்டி, பின்னால் எங்கோ கொஞ்சம் பழம். துவர்ப்பு போய்விடவில்லை, கொட்டைப்பாக்கை மென்று துப்பிய பிறகு நாக்கில் நிற்குமே, அந்த அளவு. இரண்டு வாய் குடித்த பிறகும் பசித்தது. 1980களின் போர்தோவில் ஆல்கஹால் 12, 12.5 சதவீதம்தான் வழக்கம். இப்போது 14 சர்வசாதாரணம். வெயிலும் கூடிவிட்டது, பழத்தை முற்றவிட்டுப் பறிக்கும் ஆசையும் கூடிவிட்டது. இப்போது வருகிற கனத்த ஒயின்கள் ஒரு கோப்பையில் திகட்டிவிடுகின்றன எனக்கு.

கடைசியில் 1993 கோர்னாஸ். வட ரோன் பள்ளத்தாக்கில் மழை கெடுத்த வருடம், யாரும் சீந்தாதது. மட்டம் மட்டும் நேற்று வாங்கியதுபோலக் கழுத்திலேயே நின்றது. மெலிந்த உடம்பு. ஆனால் மூக்கைக் கொண்டுபோனதும் மிளகு! உவமையில்லை, சிரா திராட்சையில் இருக்கும் ரோட்டண்டோன்தான் கருமிளகின் வாசனைக்கும் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த வருடங்களில் அது திராட்சையில் கூடுதலாகச் சேர்கிறது. பேர் கெட்ட வருடம் என்றால் எதற்குக் கெட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவரின் அளவு இந்தப் புட்டியோடு காற்றில் போனது.

நவம்பர் 10, திங்கள்

மதியம் மிச்சத்தைச் சுவைத்தோம். க்ருவோ-லரோஸ் தாக்குப்பிடித்திருக்கிறது. கோர்னாஸில் மிளகு போய்ப் புளிப்பு தலைதூக்கிவிட்டது. அது நேற்றைக்கென்றே இருந்த ஒயின்.

மாமனார் நோட்டில் மூன்றையும் அடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு 2005 போர்தோ பெட்டியைத் திறக்கலாம் என்றார். நல்ல வருடம்தான், இன்னும் இறுக்கமாக இருக்குமே என்றேன். திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டார். பெட்டியில் பன்னிரண்டு புட்டிகள். ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன்.