ஜன்னலை மூடும் கை

கட்டடக்கலைக் கருத்தரங்குகளில் ‘மரபு’ என்ற சொல் எழுந்ததும் திரையில் திண்ணை வந்துவிடும். பின்னாலேயே முற்றம், தாழ்வாரம், சரிவான ஓட்டுக்கூரை. வெயில் நாட்டுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தப் படங்களைக் காட்டாமல் இறங்குவதில்லை. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கும் இவற்றின்மீது பிரியம் உண்டு. ஆனால் திண்ணையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாவும் அவரைப் பார்க்க வந்த ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி அதைப் பெருக்கினார், சாணமிட்டு மெழுகினார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தலித் மக்கள் திண்ணைக்குக் கீழே, தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். நாம் பெருமையாகச் சொல்லும் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பெரும்பாலும் படித்தவர்கள் சிறுவர்கள்தான்.

ஆகவே, “நம் பண்பாட்டில் வேரூன்றிய பள்ளிக்கூடம் கட்டித் தாருங்கள்” என்று யாராவது கேட்டு வந்தால், எந்த வேர், யாருடைய வேர் என்று கேட்காமல் நான் பென்சிலை எடுப்பதில்லை.

வெயிலைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவானது. தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. சித்திரையில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது நமக்குச் சற்று வடக்கே போயிருக்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் நேராகத் தாக்கும். எனவே கட்டடம் கிழக்கு மேற்காக நீளமாக இருக்க வேண்டும். அந்த இரண்டு முனைகளிலும் ஜன்னல் கூடாது. வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக ஜன்னல் வைத்து, இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்க வேண்டும். மேற்கே ஒரு வரிசை புங்கமரம் நட்டால் பிற்பகல் வகுப்பு பிழைக்கும்.

கூரைதான் கடினம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பிற்பகலில் பிள்ளைகளின் தலையில் இறக்கும். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஒரு முறை உண்டு. தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட் அதிகம் வேலை செய்யாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதிப்பது. சிமெண்ட் மிச்சமாகும், ஓடுகளுக்கு இடையில் தங்கும் காற்று வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிச் சுவரையும் அவர்தான் பரவலாக்கினார். அதில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம்.

கீற்றுக் கொட்டகையைவிடக் குளிர்ச்சி எது என்று சிலர் கேட்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். இறங்கி ஓட அகலமான படிக்கட்டு இல்லை. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. நான் பார்த்த பல பள்ளிகளில் கீற்றைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ போட்டார்கள். பிள்ளைகள் தீயிலிருந்து தப்பி அடுப்புக்குள் உட்கார்ந்தார்கள். மரபு என்பதற்காக எதையும் திருப்பிக் கொண்டுவந்துவிட முடியாது. புதியது என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

இவ்வளவும் எங்கள் படிப்பில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத் தென்மாவட்டத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் பார்த்தேன். புதிய வகுப்பறைகள் கட்ட அளவெடுக்கப் போயிருந்தேன். பழைய கட்டடத்தின் திசை சரியாகவே இருந்தது. தெற்கில் நான்கு பெரிய ஜன்னல்கள். தென்மேற்குக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்த ஆடி மாதம். நான்கு ஜன்னல்களும் மூடியிருந்தன, இரண்டில் ஆணி அடித்திருந்தது. உள்ளே பாலியஸ்டர் சுடிதார், அதன்மேல் கோட்டு, இரட்டைச் சடை என்று அறுபது பெண்கள் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ரோட்டுல போற பசங்க எட்டிப் பாக்காங்க மேடம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அதான் அடைச்சிட்டோம்” என்றார் ஆசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். எட்டிப் பார்ப்பது பையன்கள், வெந்து போவது பெண்கள். காற்றோட்டத்தை எவ்வளவு கணக்கிட்டு ஜன்னல் வைத்தாலும், அதை மூடச் சொல்லும் ஊர் அப்படியே இருந்தால் அந்தக் கணக்குக்குப் பொருளில்லை.

இலங்கையின் மினெட் டி சில்வாவை நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948இல் பிரிட்டனின் கட்டடக்கலைக் கழகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். உள்ளூர்ப் பாய் நெசவையும் கைவினையையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தவர். கண்டியில் வத்தபுளுவ குடியிருப்பை அவர் வடிவமைத்தபோது, குடிவரப் போகிறவர்களிடமே கேள்விகள் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்தார். அவருக்குப் பின்வந்த ஆண்களின் பெயர்கள் உலகெங்கும் பரவிய அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. கேட்டுவிட்டுக் கட்டும் அந்தப் பழக்கத்தை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளியின் வரைபடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் பெரிதாகப் போட்டோம். பிடித்த இடத்தில் கூழாங்கல்லும், போகாத இடத்தில் புளியங்கொட்டையும் வைக்கச் சொன்னேன். கூழாங்கற்கள் வேப்பமரத்தடியில் குவிந்தன. புளியங்கொட்டை முழுவதும் கழிப்பறையில். அது கட்டடத்துக்குப் பின்னால், மதில் ஓரத்தில் இருந்தது. “பக்கத்து மாடியில நின்னா நாங்க போறது தெரியும்க்கா. தாழ்ப்பாளும் இல்ல. அதான் காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டோம்” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண். அவ்வளவு வெயிலில், அவ்வளவு வியர்வையில், காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடமும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்கிறது. அந்தப் பள்ளியில் கட்டடம் இருந்தது, தனிக் கழிப்பறையும் இருந்தது. புதிய வரைபடத்தில் கழிப்பறையைத் தாழ்வாரத்தின் முனைக்கு, ஆசிரியைகள் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். உள்ளே குழாய், உறுதியான தாழ்ப்பாள், துணி மாட்டக் கொக்கி, நாப்கின் வைக்க ஒரு மாடம், மூடியுள்ள குப்பைத் தொட்டி. நிர்வாகத்தில் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். கழிப்பறை முன்பக்கம் வரக்கூடாது, அது நம் வழக்கமில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. கழிப்பிடம் கொல்லைப்புறத்தில் இருப்பது நம் கட்டட மரபுதான். மாதவிடாய் நாட்களில் பெண்களை ஒதுக்கிவைத்ததும் பெரும்பாலும் அதே கொல்லைப்புறத்தில்தான். இந்த வேரை நான் பள்ளிக்கூடத்துக்குள் நடமாட்டேன் என்று சொன்னேன். மூன்று கூட்டங்கள் ஆயின. கடைசியில், அதுவரை வாய் திறக்காத சத்துணவு அமைப்பாளர் அம்மாதான், “எம் மகளும் இங்கதான் படிச்சா, ஒரு நாளும் அந்தக் கக்கூசுக்குப் போனதில்ல” என்று சொல்லி முடித்துவைத்தார்.

ஜன்னலுக்கு வருவோம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவர் நல்ல வழி என்று கொத்தனார் சொன்னார். வெளியே வெளிச்சமும் உள்ளே நிழலும் இருப்பதால், தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது, காற்று மட்டும் வரும். எனக்குத் தயக்கம் இருந்தது. அரண்மனைப் பெண்களை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்த பலகணிகளின் வழிவந்தது அது. பெண்களிடமே கேட்டேன். “கீழ ஓட்டை வைங்க, மேல ஜன்னல் வேணும். எங்களுக்கு ரோடு தெரியணும்” என்றார்கள். அதுதான் சரியான விடை, தொழில்முறையிலும். தரையில் உட்கார்ந்து படிக்கும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்றடி உயர ஜன்னல் காற்று தலைக்கு மேலே போய்விடும். தரையிலிருந்து மூன்றடிவரை ஜாலி, அதற்குமேல் திறக்கும் ஜன்னல், வெளியே எட்டடி அகலத் தாழ்வாரம். தாழ்வாரம் முழுக்க உட்காரும் மேடை. இடைவேளையில் நூறு பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் எட்டிப் பார்க்க வருகிறவன்தான் கூச வேண்டியிருக்கும்.

மண்சுவர் கேட்டவர்களும் இருந்தார்கள். வங்கதேசத்தின் ருத்ராபூரில் அன்னா ஹெரிங்கர் மண்ணாலும் மூங்கிலாலும் கட்டிய பள்ளி 2007இல் ஆகாகான் விருது பெற்றது. அதன் அழகு யாரையும் ஆசைப்படுத்தும். நம் ஊரில் மண்தரையை வாராவாரம் மெழுகப்போவது யார் என்று மட்டும் நான் கேட்டேன். பள்ளியைப் பெருக்குவதும் கழுவுவதும் பெண் பிள்ளைகள் தலையில், அதிலும் தலித் பிள்ளைகள் தலையில், விழுவதை நாம் அறிவோம். ஆகவே மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய கல்லைச் சுவருக்கு எடுத்துக்கொண்டோம், பூச்சு வேலை இல்லை. தரைக்கு ரெட் ஆக்சைடு, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்தக் கட்டடத்தில் கல் சுமந்த சித்தாள்கள் எல்லோரும் பெண்கள். வாழ்நாளெல்லாம் சுமந்தாலும் நம் ஊரில் சித்தாள் கொத்தனார் ஆவதில்லை. ஜாலி வேலையில் இரண்டு பேர் கரண்டி பிடித்தார்கள். அவர்கள் கட்டிய வரிசை நூல் பிடித்ததுபோல் வந்தது. அந்த நாட்களுக்குக் கொத்தனார் கூலியே தர வேண்டும் என்று மேஸ்திரியிடம் வாதாடி வாங்கினோம். சிமெண்டையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்கிறார்கள். அதைக் கட்டிய பெண்ணின் கூலியையும் மிச்சப்படுத்தியிருந்தால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை கட்டடக் கலைஞர்களாகலாம், தலைமையாசிரியைகளாகலாம், பெற்றோர் கூட்டத்தில் உட்காரும் அம்மாக்களாகலாம். அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நாளை வகுப்புக்குப் போனதும் எந்த ஜன்னல் மூடியிருக்கிறது, யார் மூடினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று விசாரியுங்கள். கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், யார் கண்ணில் படாமல் போக முடியும் என்று அளந்து பாருங்கள். அளந்ததை ஒரு தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். நல்ல பள்ளிக்கூடத்தின் முதல் வரைபடம் அந்தத் தாள்தான்.