மூன்று நாள் நகரம், ஐந்து நாள் கடல்

பயணத் திட்டத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நியூயார்க், ஆர்லாண்டோ, லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலிஸ். 12 நாள், நான்கு நகரம், நடுவே மூன்று உள்நாட்டு விமானம். காப்பி கலக்க வந்த அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார்.

“இதுல உட்கார்ற இடம் எங்கம்மா இருக்கு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன்.”

அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்கால் தேய்ந்து, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் அவரை ஒருமுறை தொலைதூரம் அழைத்துப் போக வேண்டும் என்றுதான் இந்தப் பேச்சையே ஆரம்பித்தோம். அவரே வரவில்லை என்றால் என்ன பயணம்? தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முறை கேள்வியை மாற்றினோம். எந்த ஊர் என்று பார்க்காமல், அந்த ஊரிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் வேறு எங்கே போய்த் தங்கலாம் என்று பார்த்தோம். அமெரிக்காவில் இதற்குப் பஞ்சமில்லை. பாஸ்டனில் விரைவுப் படகு ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கேப் காட் முனையில் இறங்கலாம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரலில் வடக்கே போகும் ஹட்சன் ரயிலில் இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும். சியாட்டலிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் படகில் 35 நிமிடம்தான்.

எங்களுக்கு ஒத்து வந்தது சான் ஃபிரான்சிஸ்கோ. சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம், ஏறத்தாழ 15 மணி நேரம். முழங்கால் வலியோடு நடுவழியில் விமானம் மாற வேண்டியதில்லை. நகரத்தில் மூன்று நாள், பிறகு கார் எடுத்துத் தெற்கே ஏறக்குறைய 190 கிலோமீட்டர் போய் மான்டரேயில் ஐந்து நாள். (சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஆனால் எஸ்டா அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.)

நகரத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலை வரைபடத்தைப் பார்த்துப் பதிவு செய்தேன். நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர் என்று போட்டிருந்தது. அந்த 400 மீட்டரும் செங்குத்து ஏற்றம் என்று போடவில்லை. முதல் நாள் மாலை, பாதி வழியில் யாரோ ஒருவர் வீட்டுப் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். “நீ போம்மா, நான் மெதுவா வரேன்” என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களோடு போகிறவர்கள் எம்பார்கடேரோ கடலோரமாகத் தங்குங்கள். அங்கே தரை சமம். எஃப் தடத்தின் பழைய டிராம் வண்டிகள் வாசலிலேயே வரும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே அது கோடைக்காலம், ஆனால் குளிரும். 1937ல் திறந்த கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கப் போனபோது மூடுபனியில் பாலத்தையே காணோம். “அம்மா, பாலம் எங்கே?” என்றாள் மகள். மறுநாள் மதியம்தான் தெரிந்தது.

நகரத்துக்குள் கார் தேவையில்லை. நிறுத்தக் கட்டணமும் அதிகம், கார்க் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கும் திருட்டுக்கும் ஊர் பேர் போனது. கிளம்பும் நாள் காலையில்தான் காரை எடுத்தோம். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாத என் கணவர் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. நெடுஞ்சாலை 1ல் தெற்கே போகும்போது கடல் நம் பக்கத்திலேயே வரும். 1872ல் கட்டிய பிஜன் பாயிண்ட் கலங்கரை விளக்கத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். கடற்கரை என்றதும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை நினைத்துவிடாதீர்கள். காலை நனைத்தால் எலும்பு வரை சில்லிடும் தண்ணீர் அது.

மான்டரேயின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் 1984ல் திறந்தது, பழைய மத்தி மீன் டப்பா ஆலை இருந்த இடத்தில். மூன்று மாடி உயரக் கண்ணாடித் தொட்டியில் கடற்பாசிக் காடு ஆடுகிறது. மகள் அங்கேயே நின்றுவிட்டாள். அம்மாவைக் காணோம். தேடிப் போனால், ஆலையின் பழைய கொதிகலன்களுக்கு முன்னால் நிற்கிறார்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் தனிச் சங்கு. மீனோடு படகு வந்துவிட்டால் நள்ளிரவானாலும் ஊதும். வேலைக்காரப் பெண்கள் எழுந்து ஓடுவார்கள். இதை நான் படித்துச் சொன்னதும் அம்மா சிரித்தார். “எங்களுக்கு வேன் வரும். ராத்திரி பத்தரைக்கு.” 18 வயதில் தோ பாயோவில் மின்னியல் தொழிற்சாலையில் இரவு நேர வேலை பார்த்ததை, உருப்பெருக்கியில் கம்பி ஒட்டி ஒட்டிக் கண் எரிந்ததை, முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு வானொலிப் பெட்டி வாங்கியதைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டே போனார். வானொலியில் வேலை பார்க்கும் எனக்கே அந்தப் பெட்டிக் கதை அன்றுதான் தெரியும். கேட்க நேரம் ஒதுக்கியதில்லை, அவ்வளவுதான்.

மீதி நாள்களில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். பசிபிக் குரோவ் வரை கடலோரமாகப் போகிறது, ஏற்றமும் அதிகமில்லை. அம்மா கொஞ்சம் நடப்பார், இருக்கையில் உட்காருவார், மறுபடி நடப்பார். பாசிக்கு நடுவே கடல் நீர்நாய் ஒன்று குட்டியை வயிற்றில் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்தது. அரை மணி நேரம் பார்த்தோம்.

“நாளைக்கு எங்கம்மா போறோம்?” என்றார் அம்மா.

“இங்கேயேதான்மா.”

“சரி” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.