வெள்ளகெவி வழியே ஒரு நாள்

கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறி, ஏரியைச் சுற்றிவந்து, மாலையில் பேருந்திலேயே இறங்கிவிடுவது நம் வழக்கம். 2022ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் அவ்வழக்கத்தை மாற்றினோம். பங்கின் இளைஞர் ஐவரும் உபதேசியாரும் உடன்வர, விடியுமுன் வத்தலக்குண்டில் பேருந்து ஏறினோம். ஏற்றம் பேருந்தில், இறக்கம் காலில் என்பது ஏற்பாடு. வன இலாகாவின் அனுமதியின்றி இவ்வழியில் செல்வது தகாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மாண்டோரை நாம் மறந்துவிடவில்லை.

வட்டக்கானல் வரை நல்ல சாலை. அதன்பின் வேர்களே படிகளாக அமைந்த ஒற்றையடிப் பாதை. டால்பின் மூக்கு என்னும் பாறையில் நின்று நோக்கினால், பெரியகுளத்துச் சமவெளி பனிமூட்டத்தினடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கின்றது. நாம் இறங்கவேண்டியது 5,000 அடிக்கு மேல். 1821இல் இம்மலையை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கிலேயர் வெள்ளகெவியில் தங்கியே மேலே ஏறினார். 1845இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். மோட்டார் சாலை திறக்கப்பட்டதோ அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். அதுவரை வெள்ளைக்காரர் பலர் கூலியாட்களின் தோளில் அமர்ந்தே மலையேறினர். இச்செய்திகளை இளைஞர்க்கு விரித்துரைத்தவாறு, பாதை நடுவே பொட்டலங்களைப் பிரித்து அமர்ந்தோம். முழங்கால் வலிக்கிறதென்று நாம் இருமுறை சொல்லியாயிற்று.

அப்போது கீழிருந்து, "வழி, வழி!" என்ற குரல் கேட்டது. மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்ட டோலியொன்றை நால்வர் சுமந்து வந்தனர். மாற்றித் தூக்க நால்வர் பின்னால் வந்தனர். உள்ளே ஒரு மூதாட்டி கண்களை மூடிக் கிடந்தார். எலுமிச்சம் சோற்றை அள்ளிக்கொண்டு நாம் புதரோரம் ஒதுங்கினோம். இளைஞரில் ஒருவர் தோள் கொடுக்க முன்வந்தார்.

"வேண்டாம் தம்பி. ஒரே உயரம், ஒரே நடை இருக்கணும். வழியை விட்டாப் போதும்" என்றார் முன்னால் சுமந்தவர். அவர் குரலில் கசப்பில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். நம்மிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். அதன்பின் நம் முழங்காலைப் பற்றி நாம் பேசவில்லை.

சோலைக்காட்டின் குளிர் குறைந்து, காப்பிச் செடிகளும் பலா மரங்களும் தென்பட்டால் வெள்ளகெவி அண்மையில் உள்ளது என்று பொருள். அவ்வூருக்குள் எவரும் காலணி அணிவதில்லை. எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். நெருங்கிய வீடுகள், அவற்றினூடே கோயில்கள், முற்றங்களில் காயும் காப்பிக்கொட்டை. நாம் சென்ற நாளில் அங்கே சாலை இல்லை. அரிசியும் உப்பும் குதிரை முதுகிலேறித்தான் வந்தன.

திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் பாலில்லாக் காப்பி கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"ஐயா, டோலியை எந்த இடத்திலே பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இடத்தைச் சொன்னோம். சற்று விரல்விட்டு எண்ணினார்.

"அப்படின்னா இந்நேரம் வட்டக்கானல் போயிருப்பாங்க. அங்கே வண்டி கிடைக்கும்" என்றார். டோலியில் சென்றவர் அவருடைய தமக்கை என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்லித்தான் அறிந்தோம்.

அங்கிருந்து கும்பக்கரை வரை வெயிலும் முள்ளும் சரளைக் கல்லும்தான். விரித்துரைக்க ஒன்றுமில்லை. அருவியில் குளித்து, மாந்தோப்புகளைக் கடந்து, ஆட்டோவில் நெருக்கியடித்துப் பெரியகுளம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வத்தலக்குண்டுப் பேருந்தில் இளைஞர்கள் அமர்ந்தவுடன் உறங்கிவிட்டனர். தோள் கொடுக்க முன்வந்தவர் மட்டும் சன்னலோரம் விழித்திருந்தார். இடப்பக்கம் மலையுச்சியில் கொடைக்கானலின் விளக்குகள் தெரிந்தன.

"சாமி, அதிலே ஆஸ்பத்திரி எந்த விளக்கா இருக்கும்?" என்றார்.

நமக்குத் தெரியவில்லை. தேவதானப்பட்டி தாண்டும் வரை இருவரும் அப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தோம்.