அடுப்படிக் கதவுக்கு அந்தப் பக்கம்

மலேசியாவின் மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தின் அடுப்படிக் கதவைத் திறந்தால் அம்மாவின் பாத்தி. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் மாட்டுக் கொட்டகை, எதிரே மேட்டில் தேயிலை தொடங்கிவிடும். அந்த இடுக்கில் கல் அடுக்கிப் படி எடுத்து, கொத்தமல்லி, புதினா, அவரை, சிறுகீரை என்று ஒரு சாண் மண்ணையும் சும்மா விடாமல் நட்டிருந்தார். நத்தைக்காக அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுத்தான் இருட்டோடு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவார். மாலையில் கூடையை இறக்கிய கையோடு மறுபடியும் அங்கேதான் நிற்பார். நாள் முழுதும் கொழுந்து பறித்த விரல்களுக்கு இன்னொரு செடியைத் தொட எப்படி மனம் வந்ததோ! இது தன் செடி என்பதால் இருக்கலாம்.

அந்தத் துண்டு நிலம் துரை போட்ட பிச்சை என்றே எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 1/16 பங்கு ஒதுக்கச் சொன்னது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகு காலம் கழித்து. எங்கள் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ரஸ்ஸல் என்ற துரை தொடங்கிய 1929-க்கும் முந்திய சட்டம் அது. உரிமையாக வந்ததற்கு ஆயுள் முழுக்கக் கைகட்டி நன்றி சொன்னார்களே என்று இன்றும் மனம் கொதிக்கிறது.

பாத்தியின் ராணி சௌசௌதான். முற்றிய காயை மூலையில் போட்டால் தானே வாய் பிளந்து முளைவிடும். காயோடு பாதி புதைத்தால் போதும், பந்தல் முழுக்கப் படர்ந்துவிடும். மெக்சிகோப் பக்கத்துக் கொடி, எங்கள் மலையின் குளிரும் ஈரமும் அதற்குத் தாய்வீடு. காய் கருவாட்டுக் குழம்புக்கு, இளந்தளிர் பருப்போடு கடைய. அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் மாட்டுக்கு. வேலியோரம் மரத்தக்காளி சிவந்து தொங்கும். அதைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, பச்சைமிளகாய் வைத்து அம்மியில் அரைத்த துவையலின் புளிப்பு இதை எழுதும்போதும் நாவில் ஊறுகிறது.

பாட்டிக்கு இதெல்லாம் போதவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கீழே பால்மரத் தோட்டத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர் அவர். வீட்டைச் சுற்றித் தின்ன ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. முருங்கை மட்டும் வசப்படவில்லை. தாப்பாவிலிருந்து லோரியில் யார் வந்தாலும் ஒரு போத்து கொண்டுவரச் சொல்லி ஊன்றுவார். நாலு இலை விடும், பிறகு மஞ்சளாகும். ஐந்தாயிரம் அடி உயரத்துக் குளிர் அதற்கு ஆகாது. அடுப்புச் சுவரின் சூட்டை நம்பி மிலோ டின்னில் வைத்த கறிவேப்பிலை மட்டும் பிழைத்தது. அதிலும் கிள்ள விடமாட்டார். விருந்தாளி வந்தால் ஓர் இணுக்கு.

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. அப்பாவின் வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்தோம். தட்டுமுட்டுச் சாமான்கள் லோரியில் ஏறின. பாத்தியை எதில் ஏற்றுவது? ஒவ்வொரு குடும்பமாக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போக, கொழுந்து வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சரிவு குறைந்த இடங்களில் இயந்திரமே வெட்டியது. பின்னொரு முறை போனபோது எங்கள் லயம் இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஈப்போ வீட்டின் பின்சந்தில் அம்மா ஒரு சௌசௌவை நட்டுப் பார்த்தார். கொடி ஓடியது, பூத்தது, அந்த வெக்கையில் காய் நிற்கவில்லை. முருங்கையோ கேட்பாரற்று, கூரையைத் தாண்டி, கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. பாட்டி எத்தனையோ வருஷம் ஏங்கிய மரம். அம்மா அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டே சொல்கிறார்: "என்ன இருந்தாலும் சௌசௌ தளிர் மாதிரி வராதுய்யா."