கப்பலும் கணக்கும்

சித்தூரில் தெலுங்கில் படித்த எங்களுக்குப் பாடப்புத்தகம் தந்த தலைவர்கள் அல்லூரி சீதாராமராஜுவும் டங்குடூரி பிரகாசமும். வெள்ளைக்காரருக்கு எதிராகக் கப்பல் விட்ட வ.உ.சி.யை வீட்டில்தான் அறிந்தோம், 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்துச் சிவாஜியின் முகத்தோடு. அந்தப் படத்துக்கு ஆதாரமான வரலாற்றை எழுதிய ம.பொ.சி.தான் சித்தூரையும் திருப்பதியையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியவர் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சேர்த்தே சொல்வார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர். பிறந்த வீடோ கடலை விட்டுத் தள்ளி, ஒட்டப்பிடாரத்தில். அரசு அதை நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அதைப் பார்க்கப் போனபோது, திருப்பதியில் கடை வைத்திருக்கும் தெலுங்கு நண்பர் உடன் வந்தார். அங்கே எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்லச் சொல்ல, வியாபாரியின் காதோடு கேட்டார்.

1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தது என்பார்கள்.

“சும்மா ஏற்றிக்கொண்டு போனால் எதிர்க்கடைக்காரன் எத்தனை நாள் தாங்குவான் அண்ணா? பங்கு வாங்கினவர்கள் கடைசிவரை நின்றார்களா?” என்றார் நண்பர்.

அதுதான் கேள்வி. 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைந்தது. 1912இல் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கைப்பணமும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. 1936இல் இறக்கும்வரை அவரைத் துரத்தியது கடன். அரசு ஒடுக்கியதைச் சொல்ல நமக்கு நாக்குக் கூசுவதில்லை. நம்மவர்கள் கழன்றுகொண்டதைச் சொல்லத்தான் கூசுகிறது. செக்கைக் கும்பிடுகிறவர்கள் கம்பெனியின் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வடக்கெல்லைப் போராட்டத்தின் தோல்விக்கும் இப்படிக் கணக்குப் பார்ப்பது பொருந்தும். கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியைப் பார்த்து, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கர் எல்லை வகுத்தார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. அந்தக் கதைக்கு என்றைக்காவது இங்கே ஒரு நினைவு இல்லம் எழுந்தால், சிலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எந்த ஊர் எந்தக் கணக்கில் எந்தப் பக்கம் போனது என்ற பட்டியலைத் தமிழிலும் தெலுங்கிலும் முதலில் மாட்டட்டும். நண்பரும் நானும் சேர்ந்து நின்று படிப்போம், சண்டையும் போடுவோம்.